லொகேஷனை அணைத்தால் அது எனக்கு எதிரான ஆதாரம் ஆகுமா?

கேள்வி: திருமணமாகி 12 ஆண்டுகள் ஆகின்றன. நான் நைட் ஷிப்ட் போய்வந்த காலத்தில், பாதுகாப்புக்காக என்று சொல்லி என் கணவர் என் போனில் குடும்ப லொகேஷன் ஆப் ஒன்றைப் போட்டுத் தந்தார். நானும் சம்மதித்தேன். பிறகு மாமியார், கொழுந்தனார் என எல்லோரும் அந்தக் குரூப்பில் சேர்ந்துவிட்டார்கள். மனக்கசப்பு முற்றி, இரண்டு மாதமாக 10 வயது மகனோடு அம்மா வீட்டில் இருக்கிறேன். மருந்துக் கடைக்குப் போனால்கூட, "அங்கே என்ன வேலை?" என்று மெசேஜ் வருகிறது. மகனின் டேப்லெட்டிலும் அதே ஆப் இருக்கிறது. போன் அவர் வாங்கித் தந்தது. சிம் அவர் பெயரில் இருக்கிறது. "ஆஃப் பண்ணிப் பார், அதையே கோர்ட்டில் ஆதாரமாகக் கொடுக்கிறேன்" என்கிறார். நான் அணைக்கலாமா?

பதில்: அணைக்கலாம். கணவருக்குத் தன் இருப்பிடத்தைக் காட்டியே ஆகவேண்டும் என்று எந்தச் சட்டமும் மனைவியைக் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் இந்தக் கடிதத்தைப் படித்து முடித்த கையோடு ஆப்பை நீக்கிவிடாதீர்கள். அதற்கு முன் செய்யவேண்டிய இரண்டு மணி நேர வேலை இருக்கிறது. அதைச் செய்யாமல் அணைத்தால் உங்கள் கையில் இருக்கும் நல்ல ஆதாரம் போய்விடும்.

இந்தப் பிரச்சினை முழுவதும் சம்மதம் என்ற ஒரு சொல்லில்தான் நிற்கிறது. அன்று நீங்கள் சம்மதித்தீர்கள். அதனால் இன்றுவரை அவர் பார்த்ததைப் பெரிய குற்றமாக நிரூபிப்பது கடினம். "அவளே ஒப்புக்கொண்டு போட்ட ஆப்தானே" என்பார். கொடுத்த சம்மதத்தை நீங்கள் எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம். திரும்பப் பெற்றதை எழுத்தில் தெரிவித்துவிட்டால், அந்தத் தேதிக்குப் பிறகு அவர் செய்யும் ஒவ்வொரு கண்காணிப்பையும் நீதிமன்றம் வேறு கண்ணோடு பார்க்கும். அந்தத் தேதியை உருவாக்குவதுதான் உங்கள் முதல் வேலை.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் ஒருமனதாகச் சொல்லிவிட்டது. உங்கள் பிரச்சினைக்கு இன்னும் நெருக்கமானது 2024 ஜூலை 8 அன்று வந்த பிராங்க் வைட்டஸ் வழக்கின் தீர்ப்பு. போதைப்பொருள் வழக்கில் ஜாமீன் பெற்றவர் தன் கூகுள் மேப்ஸ் இருப்பிடத்தை விசாரணை அதிகாரிக்குப் பகிரவேண்டும் என்ற நிபந்தனையை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. ஜாமீனில் இருப்பவரின் நடமாட்டத்தை ஓயாமல் பின்தொடரும்படியான நிபந்தனையை விதிக்க முடியாது என்பதே காரணம். குற்றம் சாட்டப்பட்டவருக்கே இந்த உரிமை இருக்கும்போது, அம்மா வீட்டில் இருக்கும் ஒரு பெண்ணுக்கு எப்படி இல்லாமல் போகும்? நீதிமன்றத்தில் மனு போடும்போது இந்தத் தீர்ப்பைக் கட்டாயம் சேர்க்கும்படி உங்கள் வழக்கறிஞரிடம் சொல்லுங்கள்.

அவருடைய மிரட்டலை எடுத்துக்கொள்வோம். லொகேஷனை அணைப்பது இந்து திருமணச் சட்டத்தில் விவாகரத்துக்கான காரணமே இல்லை. கைவிட்டுப் போனது என்று அவர் வழக்குப் போட, மனு தாக்கலுக்கு முன் தொடர்ந்து இரண்டு ஆண்டுகள் தக்க காரணமின்றிப் பிரிந்திருக்கவேண்டும். உங்களுக்கு ஆனது இரண்டு மாதம். அவரிடம் ஏற்கெனவே சேர்ந்திருக்கும் லொகேஷன் பதிவுகளைத் தாக்கல் செய்ய முடியுமா என்றால், முடியும். இதில் உங்களுக்குப் பொய்யான ஆறுதல் சொல்ல விரும்பவில்லை. கணவர் எடுத்துக் கொடுத்த மனைவியின் போன் அழைப்பு விவரங்களை ஏற்க முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2024 அக்டோபரில் சொன்னது உண்மை. ஆனால் கணவன் மனைவி பேச்சை ரகசியமாகப் பதிவு செய்திருந்தாலும் திருமண வழக்கில் ஆதாரமாக ஏற்கலாம் என்று 2025 ஜூலை 14 அன்று உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. ஆகவே பழைய தீர்ப்பின் மேல் முழுதாகச் சாய முடியாது. குடும்ப நீதிமன்றங்கள் சட்டத்தின் 14-வது பிரிவும் ஆதாரம் ஏற்பதில் அந்த நீதிமன்றங்களுக்கு நிறையவே நெகிழ்வு தருகிறது.

ஏற்றுக்கொள்வது வேறு, அதை வைத்து எதையாவது நிரூபிப்பது வேறு. அந்தப் பதிவு, போன் எங்கே இருந்தது என்பதை மட்டுமே சொல்லும். அதையும் துல்லியமாகச் சொல்லாது. வெட்டவெளியில் சில மீட்டர் பிசகும். கட்டடத்துக்குள் போனால் ஜிபிஎஸ் சிக்னல் வலுவிழந்து, வைஃபையையும் செல்போன் டவரையும் வைத்து போன் ஊகிக்கும். அப்போது நூற்றுக்கணக்கான மீட்டர்கூடத் தள்ளிக் காட்டலாம். வரைபடத்தில் புள்ளியைச் சுற்றி வெளிர்நீல வட்டம் விரிவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த வட்டத்துக்குள் எங்கேயோ போன் இருக்கிறது என்றுதான் அதற்கு அர்த்தம். குறுக்கு விசாரணையில் இது ஒன்றே பல ஸ்க்ரீன்ஷாட்டுகளைச் சாய்த்துவிடும்.

அடுத்தது, போன் அவர் வாங்கியது என்ற வாதம். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் 43-வது பிரிவை வரிவரியாகப் படித்தால் பதில் அங்கேயே இருக்கிறது: "உரிமையாளர் அல்லது பொறுப்பில் இருக்கும் வேறு எவருடைய" அனுமதியும் இல்லாமல் கணினிக்குள் நுழையக்கூடாது என்கிறது அது. சட்டத்தின் வரையறையில் போனும் கணினிதான். தினமும் உங்கள் கையில், உங்கள் விரல்ரேகையில் திறக்கும் போனின் பொறுப்பு உங்களுடையது. அவர் அதைப் பரிசாகக் கொடுத்திருந்தால் உரிமையும் உங்களுடையதே. இதை மீறி நேர்மையற்ற அல்லது மோசடியான நோக்கத்தோடு நுழைந்தால் 66-வது பிரிவில் 3 ஆண்டு வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். உங்கள் பாஸ்வேர்டைப் போட்டு உள்ளே போனால், பிறர் பாஸ்வேர்டை மோசடியாகப் பயன்படுத்துவதற்கான 66சி பிரிவும் சேரலாம். அந்த "நேர்மையற்ற நோக்கம்" என்பதை நிரூபிப்பதில்தான் இத்தகைய புகார்கள் தடுமாறுகின்றன. சம்மதம் திரும்பப் பெற்ற கடிதம் கையில் இருந்தால் தடுமாற்றம் குறையும்.

சிம் விஷயத்தில் எனக்குக் கவலை அதிகம். சிம் யார் பெயரில் இருக்கிறதோ அவர் டூப்ளிகேட் சிம் வாங்க முடியும். அவர் வாங்கிய நிமிடமே உங்கள் சிம் செத்துவிடும். வங்கி, கூகுள், வாட்ஸ்அப் ஓடிபி எல்லாம் அவருக்குப் போகும். அதனால் உங்கள் ஆதாரில் உங்கள் பெயருக்கே ஒரு புது சிம் வாங்குங்கள். வங்கிக் கணக்கு, ஆதார், மின்னஞ்சல் ஆகிய மூன்றிலும் எண்ணை மாற்றி முடித்த பிறகே பழைய சிம்மைக் கழற்றுங்கள்.

இப்போது அந்த இரண்டு மணி நேர வேலை. வேறொருவருடைய போனில் வீடியோவை ஓடவிட்டு, உங்கள் போனில் ஆப்பைத் திறந்து காட்டுங்கள். குரூப்பில் யார் யார் இருக்கிறார்கள், யார் அட்மின், உங்கள் பயண வரலாறு எத்தனை நாளுக்குத் தெரிகிறது, நீங்கள் ஒரு இடத்தைவிட்டு நகர்ந்தால் யாருக்கு அறிவிப்புப் போகிறது என்று ஒவ்வொரு பக்கமாகப் பதிவாகட்டும். கொழுந்தனார் பெயர் அந்தப் பட்டியலில் இருப்பது முக்கியம். நைட் ஷிப்டில் வரும் மனைவியின் பாதுகாப்புக்கும் கொழுந்தனாருக்கும் என்ன தொடர்பு என்ற கேள்விக்கு அவர்களிடம் பதில் இருக்காது. அடுத்து அந்த "அங்கே என்ன வேலை?" மெசேஜ்கள். ஸ்க்ரீன்ஷாட் எடுக்கும்போது தேதி, நேரம், எண் மூன்றும் தெரியவேண்டும். அதே நேரத்தில் நீங்கள் மருந்துக் கடையில் வாங்கிய ரசீதையும் சேர்த்து வையுங்கள். கடையில் 10.40-க்கு ரசீது, 10.42-க்கு மெசேஜ் என்றால் விளக்கமே தேவையில்லை.

இப்படிச் சேர்த்த வீடியோ, மெசேஜ், ஸ்க்ரீன்ஷாட் எதையும் அழிக்காதீர்கள். போனை ஃபேக்டரி ரீசெட் செய்யாதீர்கள். மின்னணு ஆதாரத்துக்கு பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-வது பிரிவுப்படி சான்றிதழ் வேண்டும். அதில் ஆதாரத்தைக் கொடுப்பவர் நிரப்பும் பகுதி ஒன்று, நிபுணர் நிரப்பும் பகுதி ஒன்று. அசல் கோப்பும் போனும் இருந்தால்தான் அது எளிது. வாட்ஸ்அப்பில் ஃபார்வர்டு செய்த படம் சுருங்கிப்போய், எடுத்த நேரம் முதலான விவரங்களையும் இழந்துவிடும். அசலை பென் டிரைவில் அப்படியே நகல் எடுத்து வையுங்கள்.

பிறகு அவருக்கு ஒரு செய்தி. சண்டை வேண்டாம், காரணம் வேண்டாம், இவ்வளவு போதும்: "என் போன், சிம், கணக்குகள் வழியாக என் இருப்பிடத்தைப் பார்க்க உங்களுக்கும் உங்கள் குடும்பத்தினருக்கும் கொடுத்திருந்த சம்மதத்தை இன்றுமுதல் திரும்பப் பெறுகிறேன். இனி எந்த ஆப், கருவி, கணக்கு வழியாகவும் என்னைக் கண்காணிக்க வேண்டாம். மகன் தொடர்பாக இந்த எண்ணில் பேசலாம்." வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள், கையெழுத்திட்ட பிரதியை விரைவு அஞ்சலிலும் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். குழந்தையைப் பிரிக்கிறாள் என்ற குற்றச்சாட்டுக்கு அதுதான் முன்கூட்டிய பதில்.

ஒரு எச்சரிக்கை. இந்த ஆப்களில் பல, நீங்கள் பகிர்வை நிறுத்தியதும் மற்றவர்களுக்குத் தெரிவித்துவிடும். அவர் கைநீட்டும் ஆள் என்றால், அணைக்கும் நாளில் நீங்களும் மகனும் தனியாக இருக்கக்கூடாது. முதலில் 181 மகளிர் உதவி எண்ணில் பேசுங்கள், வீட்டாருக்குச் சொல்லுங்கள், பிறகு அணையுங்கள்.

அணைக்கும்போது ஆப்பை நீக்குவதற்கு முன் குரூப்பைவிட்டு வெளியேறி, கணக்கை அழிக்கச் சொல்லியும் கேளுங்கள். ஐகானை மட்டும் நீக்கினால் நிறுவனத்தின் சர்வரில் உங்கள் கணக்கும் பழைய வரலாறும் அப்படியே இருக்கலாம். அதோடு நின்றுவிடாதீர்கள். கூகுள் மேப்ஸில் உங்கள் படத்தைத் தொட்டு, லொகேஷன் ஷேரிங் பக்கத்தில் அவர் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் கூகுள் பாஸ்வேர்டு அவருக்குத் தெரிந்தால், தொலைந்த போனைத் தேடும் வசதி வழியாகவே உங்களைப் பார்த்துவிடுவார். எந்த ஆப்பும் தேவையில்லை. பாஸ்வேர்டு, மீட்பு எண், மீட்பு மின்னஞ்சல் மூன்றையும் மாற்றி, தெரியாத கருவிகளை வெளியேற்றுங்கள். வாட்ஸ்அப்பில் லிங்க்டு டிவைசஸ் பாருங்கள். ஆண்ட்ராய்டு செட்டிங்ஸில் அக்சசிபிலிட்டி, டிவைஸ் அட்மின் பட்டியல்களில் நீங்கள் போடாத பெயர் இருந்தால் முதலில் படமெடுங்கள், பிறகு நீக்குங்கள். உளவு ஆப்கள் சிஸ்டம் சர்வீஸ் போன்ற சாதுவான பெயரில் ஒளிந்திருக்கும். ஐபோன் என்றால், பிரைவசி பகுதியில் சேஃப்டி செக் என்ற ஒரே இடத்தில் எல்லாப் பகிர்வையும் பார்த்து நிறுத்தலாம். போலி இருப்பிடம் காட்டும் ஆப் மட்டும் வேண்டவே வேண்டாம். நாளை நீதிமன்றத்தில் உங்கள் நேர்மையைக் கேள்வி கேட்க அது ஒன்று போதும். அவர் கணக்குக்குள் நீங்கள் நுழைந்து பார்ப்பதும் அதே 43-வது பிரிவில்தான் வரும்.

மகன் விஷயம் வேறு. தந்தையும் அவனுக்குப் பாதுகாவலர். மகன் எங்கே இருக்கிறான் என்று அறிய அவருக்கு நியாயமான உரிமை உண்டு. அதற்காக டேப்லெட் உங்களைப் பின்தொடரும் கருவியாக இருக்கவேண்டியதில்லை. பெரியவர்கள் இருக்கும் குரூப்பிலிருந்து மகனை வெளியேற்றி, அவன் தந்தையோடு பேச தினமும் ஒரு நேரத்தை எழுத்தில் சொல்லிவிடுங்கள். பள்ளிப் பயணத்தின்போது இருப்பிடம் தெரியவேண்டும் என்று அவர் கேட்டால், மகனைத் தந்தை சந்திக்கும் உரிமைக்கான நீதிமன்ற உத்தரவிலேயே அதை நேரம் குறித்துச் சேர்க்கலாம். ஆப்பை அணைக்கும் வேலையை மகனிடம் கொடுக்காதீர்கள். நீதிபதி அவனைத் தனியே அழைத்துப் பேசும்போது அது வெளிவரும். அதைவிட, இரண்டு பேருக்கும் நடுவில் ஒளித்து மறைக்கும் பாரத்தை 10 வயதுப் பிள்ளை சுமக்கக்கூடாது.

2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் கணவர்மேல் புகார் தரலாமா என்று சிலர் சொல்லக்கூடும். பயனில்லை. தனிநபர் தன் சொந்த அல்லது வீட்டு நோக்கத்துக்காகச் செய்வதற்கு அந்தச் சட்டம் பொருந்தாது. ஆப் நிறுவனத்துக்குத்தான் பொருந்தும்.

உங்களுக்கு உடனடியாக உதவுவது 2005-இன் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம். பிரிந்து வந்துவிட்டாலும் அது உங்களுக்குப் பொருந்தும். ஒரே வீட்டில் எப்போதாவது சேர்ந்து வாழ்ந்திருந்தாலே போதும். மனரீதியான வன்முறையும் அதில் அடங்கும். 12-வது பிரிவில் மாஜிஸ்திரேட்டிடம் மனு செய்து, 18-வது பிரிவில் பாதுகாப்பு உத்தரவும், 23-வது பிரிவில் இடைக்கால உத்தரவும் கேளுங்கள். முதல் விசாரணை சாதாரணமாக மூன்று நாளுக்குள் வரவேண்டும் என்கிறது சட்டம். "தொந்தரவு செய்யக்கூடாது" என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான உத்தரவுதான் வரும். ஆப், ஜிபிஎஸ் கருவி, மின்னஞ்சல் கணக்கு, குழந்தையின் டேப்லெட், டூப்ளிகேட் சிம் என்று ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். உத்தரவை மீறினால் 31-வது பிரிவில் ஓராண்டு வரை சிறை, 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

செய்தி அனுப்பிய பிறகும் அவர் பின்தொடர்ந்து வந்தால், திரும்பத் திரும்பத் தொடர்புகொண்டால், பாரதிய நியாய சன்ஹிதாவின் 78-வது பிரிவில் புகார் தரலாம். முதல் முறை தண்டனை 3 ஆண்டு வரை, மறுமுறை 5 ஆண்டு வரை. "எந்த ஆணும்" என்றுதான் அந்தப் பிரிவு தொடங்குகிறது. கணவருக்கு விலக்கு எழுதப்படவில்லை. ஆனால் சூழ்நிலையில் நியாயமான செயல் என்றால் குற்றமாகாது என்ற விலக்கு உண்டு, அவர் அதைத்தான் பிடித்துக்கொள்வார். அந்தப் பிரிவு இணையம், மின்னஞ்சல், மின்னணுத் தகவல் தொடர்பைக் கண்காணிப்பது பற்றிப் பேசுகிறது, லொகேஷன் என்று பெயர் சொல்லவில்லை. ஆகவே புகாரில் வரைபடத்தைவிட அவர் நேரில் வந்து நின்ற நாட்களையும் அனுப்பிய மெசேஜ்களையும் முன்னால் வையுங்கள். குடும்பப் பிரச்சினை என்று சொல்லிக் காவல் நிலையத்தில் திருப்பி அனுப்பினால், மனுவுக்கு சி.எஸ்.ஆர். ரசீது (புகாரைப் பெற்றதற்கான ஒப்புகை) கேட்டு வாங்குங்கள். வழக்குப் பதிய மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு அஞ்சலில் அனுப்புங்கள். அங்கும் நடக்கவில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம்.

பாதுகாப்பு உத்தரவு கிடைத்தால் 24-வது பிரிவுப்படி அதன் நகலை உங்களுக்கும் உங்கள் பகுதிக் காவல் நிலையத்துக்கும் நீதிமன்றமே இலவசமாகக் கொடுக்கவேண்டும். இருந்தாலும் நீங்களே ஒரு நகலை எடுத்துப்போய் நிலையத்தில் கொடுத்து, தேதியோடு ஒப்புகை முத்திரை வாங்கி, அதைப் போட்டோ எடுத்துப் புது மின்னஞ்சலுக்கு அனுப்பி வையுங்கள்.