பார்த்ததைச் சொல்வது

அன்புள்ள ஐயா,

வணக்கம். கடந்த சில வாரங்களில் மெய்யழகன், கொட்டுக்காளி, வாழை, லப்பர் பந்து ஆகிய நான்கு படங்களையும் வீட்டிலேயே பார்த்து முடித்தேன். கல்லூரி நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒவ்வொரு படத்துக்கும் நான்கைந்து வரிகளும், ஐந்துக்கு இத்தனை என்று ஒரு மதிப்பெண்ணும் போடுவது என் வழக்கம். மெய்யழகன் எனக்குப் பிடித்திருந்தது; நீடாமங்கலம் எங்களுக்குப் பக்கத்து ஊர் என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் குழுவில் எல்லோரும் 'லேக்' (இழுவை) என்றதால் நானும் 'இரண்டாம் பாதி லேக்' என்று எழுதி மூன்று கொடுத்தேன். கொட்டுக்காளியில் இசையும் இல்லை, முடிவும் இல்லை, ஒன்றரை கொடுத்தேன். ஆனாலும் தொண்டையில் சுண்ணாம்பு தடவிக்கொண்டு, குரல் எழும்பாமல் கத்தும் சூரியின் முகம் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. வாழை பார்த்த இரவு சாப்பிடப் பிடிக்கவில்லை. லப்பர் பந்து முழுத் திருப்தி.

சினிமாவை முறையாகப் படித்த நண்பர் ஒருவர், திரைக்கதையும் ஒளிப்பதிவும் தெரியாதவர்கள் போகிற போக்கில் கருத்துச் சொல்வதால்தான் நல்ல படங்கள் ஓடாமல் போகின்றன என்று கடுமையாகச் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து எழுதக் கை வரவில்லை. நிறுத்திவிடலாமா? கொட்டுக்காளியை எடுத்தவரின் முதல் படமான கூழாங்கல்லையும் பார்க்கச் சொல்கிறார்கள். பார்க்கலாமா?

அன்புடன்,
வ., மன்னார்குடி

அன்புள்ள வ.,

நிறுத்த வேண்டாம். உங்கள் கடிதத்தில் ஒன்றரை என்ற மதிப்பெண்ணுக்குப் பிறகு, 'ஆனாலும்' என்று தொடங்கி ஒரு வாக்கியம் எழுதியிருக்கிறீர்கள். கொட்டுக்காளியைப் பற்றி நான் படித்த பல நீண்ட கட்டுரைகளைவிட அந்த ஒரு வாக்கியம் படத்துக்கு நெருக்கமாக இருக்கிறது. அது ஏன் என்று சொல்வதற்காகவே இந்தப் பதிலைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

முதலில் உங்கள் நண்பரின் குற்றச்சாட்டு. தமிழில் நல்ல படங்கள் பலவற்றைக் காப்பாற்றியவர்கள் திரைக்கதை இலக்கணம் அறியாத சாதாரணப் பார்வையாளர்கள்தான். பாலாவின் 'சேது' வாங்குவதற்கு ஆளில்லாமல் கிடந்து, 1999 டிசம்பரில் மிகக் குறைந்த திரையரங்குகளில் வெளியான படம். அதைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் பக்கத்து வீட்டிலும் அலுவலகத்திலும் டீக்கடையிலும் சொல்லிச் சொல்லித்தான் அது ஓடியது. அவர்களில் யாரும் படத்தொகுப்பைப் பற்றிப் பேசியிருக்கப் போவதில்லை. விக்ரமின் கண்ணைப் பற்றியும் அந்தக் கடைசிக் காட்சியைப் பற்றியும்தான் பேசியிருப்பார்கள். அந்தப் பேச்சுக்குத் தகுதிச் சான்றிதழ் கேட்டிருந்தால் அந்தப் படம் அன்றே பெட்டிக்குள் முடங்கியிருக்கும்.

ஆனால் உங்கள் நண்பரின் வருத்தத்தில் ஓர் உண்மை இருக்கிறது. நீங்கள் எழுதிய 'லேக்' என்ற அதே சொல்லை மெய்யழகன் வெளியான 2024 செப்டம்பர் கடைசி வாரத்தில் ஆயிரக்கணக்கானோர் எழுதினார்கள். வெளியான சில நாட்களிலேயே இயக்குநர் பிரேம்குமார் படத்திலிருந்து ஏறத்தாழ 18 நிமிடங்களை வெட்டினார். போகிற போக்கில் சொல்லும் கருத்துக்கு எவ்வளவு பலம் இருக்கிறது என்பதற்கு இதைவிட நேரடியான சான்று எனக்குத் தெரியவில்லை. அந்தப் பதினெட்டு நிமிடங்களில் எது தொய்வு, எது தேவை என்று பிரித்துச் சொன்னவர்கள் மிகச் சிலரே என்பதுதான் என் வருத்தம்.

அதே ஆண்டு நவம்பரில் திரையரங்க வளாகத்துக்குள் யூடியூப் சேனல்கள் பார்வையாளர்களிடம் கருத்துக் கேட்டுப் பதிவு செய்வதை அனுமதிக்க வேண்டாம் என்று தயாரிப்பாளர்கள் திரையரங்க உரிமையாளர்களைக் கேட்டுக்கொண்டார்கள். படம் வெளியான முதல் மூன்று நாட்களுக்கு இணையத்தில் விமரிசனமே கூடாது என்று கோரி ஒரு சங்கம் சென்னை உயர் நீதிமன்றத்துக்கும் போனது. டிசம்பரில் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதிக்க மறுத்தது. மறுத்தது மிகச் சரி. காசு கொடுத்துப் பார்த்தவரை வாய் திறக்காதே என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. தயாரிப்பாளரின் கவலையும் பொய்யானதன்று. ஆனால் அதற்கு மருந்து, பார்த்தவர்கள் தாங்கள் பார்த்ததை இன்னும் கவனமாகச் சொல்வதில் இருக்கிறதே தவிர வாயை மூடுவதில் இல்லை.

இப்போது மெய்யழகனுக்கே வருகிறேன். தஞ்சாவூர் வீட்டை இழந்து ஊரைவிட்டுப் போன அருள்மொழி, பல ஆண்டுகள் கழித்துத் தங்கையின் திருமணத்துக்காக நீடாமங்கலம் வருகிறான். தலையைக் காட்டிவிட்டு இரவே திரும்பிவிட எண்ணுகிறான். பேருந்தை விட்டுவிட்டு, 'அத்தான், அத்தான்' என்று ஒட்டிக்கொள்ளும் ஓர் உறவினனின் (கார்த்தி) வீட்டில் தங்க நேர்கிறது. அந்த மனிதனின் பெயர் அவனுக்கு நினைவில்லை. கேட்கவும் வெட்கம். எதிரே இருப்பவன் பேசப் பேச, பழைய சைக்கிள் முதற்கொண்டு ஒவ்வொன்றாக நினைவுகூர்ந்து அன்பைக் கொட்டக் கொட்ட, பெயர் தெரியாத குற்ற உணர்வு இவனுக்குள் ஏறிக்கொண்டே போகிறது. அந்த இரவு நீளமாக இருந்தாக வேண்டும். அரை மணி நேரத்தில் விடிந்திருந்தால், விடியற்காலையில் சொல்லிக்கொள்ளாமல் அவன் கிளம்பிப் போவது வெறும் மரியாதைக் குறைவாகத்தான் தெரிந்திருக்கும். அவ்வளவு நேரம் அந்த அன்பின் முன்னால் நம்மையும் உட்கார்த்தி வைத்ததால்தான் அவன் ஓடுவதன் வலி நமக்குப் புரிகிறது.

இப்படிச் சொல்வதால் படத்தில் தொய்வே இல்லை என்று நான் வாதிடவில்லை. வரலாறும் அரசியலும் பேசப்படும் சில இடங்களில் கார்த்தியின் பாத்திரம் ஒதுங்கிக்கொள்ள, இயக்குநரே நேராக நம்மிடம் பேசத் தொடங்கிவிடுகிறார் என்பது என் எண்ணம். எந்த இடத்தில் உங்கள் கவனம் கலைந்தது, எந்தப் பேச்சு உங்களை மறுபடியும் உள்ளே இழுத்தது என்று இரண்டு வரி எழுதியிருந்தால் குழுவில் ஓர் உரையாடல் தொடங்கியிருக்கும். 'லேக்' என்று எழுதியதும் அது அங்கேயே முடிந்துபோனது. அதைவிட முக்கியமானது, உங்களுக்குப் படம் பிடித்திருந்தது. பிடித்தது என்று எழுதுவதற்குப் பத்துப் பேரின் ஒப்புதல் எதற்கு? நீடாமங்கலம் பக்கத்து ஊர் என்பதை ஒரு குறைபோலச் சொல்லியிருக்கிறீர்கள். அந்த ஊர்த் தெருவும் கல்யாண மண்டபப் பேச்சும் திரையில் சரியாக வந்திருக்கின்றனவா என்று சொல்ல என்னைவிடவும், சினிமா படித்த உங்கள் நண்பரைவிடவும் நீங்கள்தான் தகுதியானவர். அதை எழுதாமல் விட்டுவிட்டீர்களே என்றுதான் எனக்கு ஆதங்கம்.

கொட்டுக்காளி. பேய் பிடித்ததாக வீட்டார் நம்பும் மீனாவை ஏற்றிக்கொண்டு ஒரு ஷேர் ஆட்டோ, பலிக்கு ஒரு சேவலுடன், சாமியாடியைத் தேடிப் போகிறது. பின்னணி இசை இல்லை என்று நீங்கள் சொன்னது சரியான கவனிப்பு. அதை மதிப்பெண் குறைப்பதற்குப் பயன்படுத்திவிட்டு நகர்ந்துவிட்டீர்கள். அதற்கு அடுத்த படிக்குப் போயிருக்கலாம்: இசை இருந்திருக்க வேண்டிய இடத்தில் உங்கள் காதில் விழுந்தது என்ன? ஆட்டோவின் இரைச்சல், கூட வரும் பைக்குகளின் உறுமல், காற்று, சேவலின் சிறகடிப்பு. இப்போது இரக்கப்படு, இப்போது பயப்படு என்று சொல்ல எவரும் இல்லாததால், அந்த வண்டிக்குள் உட்கார்ந்திருக்கும் ஒவ்வொருவரின் முகத்தையும் நாமே படித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. கைப்பேசியின் சிறிய ஒலிபெருக்கியில் பார்த்திருந்தால் இந்தச் சத்தங்களில் பாதி உங்களை வந்தடைந்திருக்காது. எதில் பார்த்தேன், ஒரே மூச்சில் பார்த்தேனா, நடுவில் நிறுத்தினேனா என்பதையும் கருத்துடன் சேர்த்துச் சொல்வது நேர்மையான பழக்கம்.

உங்களை விட்டுப் போகாத அந்தச் சுண்ணாம்புத் தொண்டை படத்தின் மையத்தில் இருக்கிறது. கத்துவதாலேயே அதிகாரம் செய்து பழகிய பாண்டிக்கு (சூரி) குரல் கட்டியிருக்கிறது. காறிக் காறி, அடித்தொண்டையிலிருந்து பிய்த்து எடுத்துத்தான் அவனால் ஒரு சொல்லைச் சொல்ல முடிகிறது. பேச முடிந்த மீனாவோ படம் முழுக்கக் கிட்டத்தட்ட வாயே திறப்பதில்லை. வழியில் ஒலிக்கும் ஒரு பாட்டுக்கு அவள் உதடு லேசாக அசைந்ததைப் பார்த்துவிட்டுத்தான் அவன் வெறிகொண்டு அவளை அடிக்கிறான். தடுக்க வந்த பெண்களையும் விடாமல் அடிக்கிறான். அவள் தனக்குள் வைத்திருக்கும் ஓர் இசைத்துணுக்குகூட, குரல் போன அவனுக்குப் பொறுக்கவில்லை. சற்றுத் தொலைவில், சாலையை மறித்து நிற்கும் காளையைக் கண்டு அத்தனை ஆண்களும் தயங்கி நிற்க, ஒரு சிறுமி வந்து சர்வ சாதாரணமாக அதை ஓட்டிக்கொண்டு போகிறாள். இவற்றை ஒன்றோடொன்று சேர்த்துப் பார்க்க எந்தப் பட்டப் படிப்பும் வேண்டாம். நீங்கள் முதல் நூலைப் பிடித்துவிட்டீர்கள், இழுக்காமல் விட்டுவிட்டீர்கள்.

முடிவு இல்லை என்கிறீர்கள். தங்களுக்கு முன்னால் வந்த வேறொரு பெண்ணுக்குச் சாமியாடி செய்வதைப் பாண்டி பார்க்கிறான். மீனாவுக்கும் அதுவே நடக்கும் என்று அவனுக்குத் தெரிகிறது. அதன்பின் அவன் என்ன செய்வான் என்பதைச் சொல்லாமல் இயக்குநர் வினோத்ராஜ் படத்தை முடித்துவிடுகிறார். அவன் மனம் மாறினான் என்று காட்டியிருந்தால் அவனுக்கு நாம் சுலபமாக மன்னிப்பு வழங்கியிருப்போம். மாறவில்லை என்றால் அவனை அரக்கன் என்று ஒதுக்கியிருப்போம். இரண்டுக்கும் இடம் கொடுக்காத அந்த வெட்டு எனக்கு மிகவும் சரியாகப் படுகிறது. உங்களுக்கு அது ஏமாற்றமாக இருந்தால் அந்த ஏமாற்றத்தையும் எழுதலாம், என்ன நடக்கும் என்று எதிர்பார்த்தீர்கள் என்பதையும் சேர்த்து.

வாழை பார்த்த இரவு சாப்பிடப் பிடிக்கவில்லை என்பதை மிகச் சாதாரணமாகச் சொல்லியிருக்கிறீர்கள். மாரி செல்வராஜ் தன் சிறுவயதில் ஊரில் நடந்த விபத்தை வைத்து எடுத்த அந்தப் படம் முழுக்கப் பசியைப் பற்றியது. கழுத்து நோக நோக வாழைத்தார் சுமந்த பையன், பசிக்கு ஒரு பழத்தைத் தொட்டதற்கு அடி வாங்குகிறான். தாருக்கு ஒரு ரூபாய்க்குப் பதில் இரண்டு ரூபாய் கூலி கேட்ட மக்கள் தார் ஏற்றிய லாரியின் மேலேயே உட்கார்ந்து போகிறார்கள். உங்கள் வயிறு அதற்குச் சரியாகவே பதில் சொல்லியிருக்கிறது. எந்தக் காட்சியில் அது தொடங்கியது என்று யோசித்துப் பாருங்கள். கடைசிப் பகுதியில் இசை என்னைக் கொஞ்சம் அதிகமாக அழுத்தியது என்ற ஒரு மனக்குறை எனக்கு உண்டு.

லப்பர் பந்துக்கு 'முழுத் திருப்தி' போதாது. கெத்து என்ற ஆட்டக்காரர் மட்டையுடன் களத்துக்குள் வரும்போது 'நீ பொட்டு வச்ச தங்கக் குடம்' ஒலிக்கும் அந்த நிமிடத்தின் மகிழ்ச்சியும், யசோதையாக ஸ்வாசிகா நிற்கும் நிமிர்வும் தலைக்கு ஒரு வரியாவது கேட்கின்றன.

மதிப்பெண்ணைப் பற்றி ஒன்று. விகடன் '16 வயதினிலே'வுக்கு 62½ கொடுத்ததை இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறோம். ஆனால் அது விமரிசனத்தைப் படித்து முடித்த பின் வரும் எண். உங்கள் குழுவில் எண்ணைப் பார்த்தவுடன் எவரும் வரிகளைப் படிப்பதில்லை என்று நினைக்கிறேன். அதனால் கொஞ்ச காலம் எண்ணை விட்டுவிட்டு எழுதிப் பாருங்கள். புதிய படமாக இருந்தால் முதல் வாரத்தில் கதையின் முடிவைச் சொல்லிவிடாதீர்கள்.

கூழாங்கல்லை அவசியம் பாருங்கள். 2021இல் ராட்டர்டாம் திரைவிழாவில் அதன் முதன்மைப் பரிசான டைகர் விருது பெற்ற படம். கோபித்துக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போன மனைவியை அழைத்துவரக் குடிகார அப்பன் ஒருவன், பள்ளியில் இருந்த மகனை இழுத்துக்கொண்டு மதுரைப் பக்கத்துப் பொட்டல் வெயிலில் நடக்கிறான், அவ்வளவுதான் கதை. ஒன்றேகால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடும் என்பதால் நடுவில் நிறுத்தாமல், முடிந்தால் நல்ல ஒலியுடன் பாருங்கள். அந்தப் பையன் அப்பனை எதிர்க்கும் விதத்தை மீனாவின் மௌனத்தோடு சேர்த்து வைத்துப் பார்க்க முடிகிறதா என்று எனக்கு ஓர் ஆர்வம் இருக்கிறது. பார்த்ததும் உங்கள் குழுவில் எழுதுங்கள். அதன் ஒரு பிரதியை எனக்கும் அனுப்புங்கள்.

அன்புடன்.