சூரியன் இரண்டு மடங்கு பலமாக இழுத்தும் நிலா ஏன் பூமியை விட்டுப் போகவில்லை?

நிலாவைப் பூமி இழுப்பதைவிடச் சூரியன் இழுப்பதுதான் அதிகம் என்று கணக்கு வருகிறதே, அப்புறம் ஏன் அது நம்மைச் சுற்றிக்கொண்டிருக்கிறது என்பது கேள்வி. முதலில் ஒன்று: கணக்கில் பிழை இல்லை. சூரியனின் நிறை பூமியைப்போல் ஏறத்தாழ 3,33,000 மடங்கு. நிலாவுக்குப் பூமி இருக்கும் தூரத்தைப்போல் 389 மடங்கு தூரத்தில் சூரியன் இருக்கிறது. ஈர்ப்பு தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும், 389-ஐ 389-ஆல் பெருக்கினால் சுமார் 1,51,000. வகுத்துப் பாருங்கள், 2.2 வரும். ஆக, சூரியன் நிலாவை இரண்டு மடங்குக்கும் கூடுதலாகவே இழுக்கிறது.

இந்த எண்ணை முதலில் பார்த்தபோது நானும் எங்கோ தப்பு செய்துவிட்டதாக நினைத்து மறுபடி போட்டேன். விடுபட்டது கணக்கில் இல்லை, யோசனையில். சூரியன் நிலாவை மட்டுமா இழுக்கிறது? பூமியையும் அதே அளவுக்கு முடுக்கி இழுக்கிறதே! வெள்ளத்தில் இரண்டு கட்டைகள் கயிற்றால் பிணைந்தபடி அடித்துச் செல்லப்படுவதாக வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளம் எவ்வளவு வேகமாக ஓடினாலும் அதனால் கயிறு அறாது. ஒரு கட்டை இருக்கும் இடத்தில் நீரோட்டம் இன்னொன்றின் இடத்தைவிட வேகமாக இருந்தால்தான் கயிறு விறைக்கும். அந்த வித்தியாசம் மட்டும்தான் இங்கே பேச்சு.

அமாவாசையன்று நிலா சூரியனுக்கு நம்மைவிட 3.84 லட்சம் கி.மீ. அருகில் இருக்கிறது. கிட்டத்தட்ட 15 கோடி கி.மீ. தூரத்தில் இது கால் சதவீதம். அதனால் சூரியனின் இழுப்பில் வரும் வித்தியாசம் அரை சதவீதம். 2.2-இல் அரை சதவீதம் என்றால் 0.011. பூமியின் பிடியை 1 என்று வைத்தால், நிலாவை நம்மிடமிருந்து பிரிக்கப் பார்க்கும் விசை அதில் ஏறத்தாழ 90-இல் ஒரு பங்கு. சூரியன் தோற்பது இங்கேதான்.

தோற்றாலும் சும்மா இருப்பதில்லை. நிலாவின் பாதை, பூமி சூரியனைச் சுற்றும் தளத்துக்கு 5 டிகிரி சாய்ந்திருக்கிறது. அந்தச் சாய்வு எந்தப் பக்கம் நோக்கியிருக்கிறது என்பதைச் சூரியன் மெல்லத் திருப்பிக்கொண்டே இருக்கிறது. ஒரு முழுச் சுற்றுக்கு 18.6 ஆண்டுகள். கிரகணங்கள் ஆண்டுதோறும் அதே மாதங்களில் வராமல் நகர்ந்துகொண்டே போவது இதனால்தான்.

கடல் ஏறி இறங்கும் ஓதத்திலும் இழுப்பின் வித்தியாசம்தான் கதை. பூமியை நிலா இழுப்பதைப்போல் சூரியன் சுமார் 180 மடங்கு இழுக்கிறது. ஆனால் சூரியன் எழுப்பும் ஓதம் நிலாவினுடையதில் பாதிகூட இல்லை. பூமியின் ஒரு பக்கத்துக்கும் மறுபக்கத்துக்கும் இடையிலுள்ள 12,742 கி.மீ. சூரியனின் தூரத்துக்கு முன் ஒன்றுமே இல்லை. நிலாவின் தூரத்தில் அதுவே 30-இல் ஒரு பங்கு.

சரி, நிலா உண்மையில் எப்படித்தான் போகிறது? பூமி ஒரு வட்டத்தில் போக, நிலா அதைச் சுற்றிச் சுருள் சுருளாக வளைந்து போவதாகவே பல படங்களில் வரைகிறார்கள். நானும் வெகுகாலம் அதை நம்பினேன். ஒருநாள் சூரியனுக்கும் பூமிக்கும் உள்ள தூரத்தை ஒரு மீட்டராக வைத்து, தரையில் ஒரு மீட்டர் கயிறும் சுண்ணக்கட்டியுமாக அளவோடு வரையப் பார்த்தேன். அந்த அளவில் சூரியன் 9 மில்லிமீட்டர், ஒரு சட்டைப் பொத்தான். நிலா பூமியிலிருந்து விலகுவது வெறும் இரண்டரை மில்லிமீட்டர். நான் போட்ட கோட்டின் தடிமனே அதைவிட அதிகம்! சுருளாவது ஒன்றாவது. (நிலாவின் முழுச் சுற்றுப்பாதையும் அந்தப் பொத்தானுக்குள் அடங்கிவிடும் என்பது அப்போதுதான் உறைத்தது.)

வேகத்தை வைத்தும் சொல்லலாம். பூமி நொடிக்கு 30 கி.மீ. ஓடுகிறது. நிலா நம்மைச் சுற்றுவது நொடிக்கு 1 கி.மீ. ஆகவே சூரியனிலிருந்து பார்த்தால் நிலா 29-க்கும் 31-க்கும் இடையில் முன்னால் ஓடிக்கொண்டே இருக்கும், ஒருபோதும் பின்னால் திரும்பாது. அதன் பாதை எப்போதும் சூரியன் பக்கமாகவே வளைந்திருக்கும். "நிலாவும் சூரியனைத்தான் சுற்றுகிறது, பூமி அதைக் கொஞ்சம் அசைக்கிறது" என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்குப் போக மாட்டேன்.

பிடி எதுவரை? பூமியிலிருந்து ஏறத்தாழ 15 லட்சம் கி.மீ. வரைதான் நம் ஆட்சி. நீண்ட காலம் நிலைக்க வேண்டுமானால் அதில் பாதிக்குள் இருப்பது நல்லது. நிலா இருப்பது அதற்கும் மிக உள்ளே. ஆனால் விலகிக்கொண்டிருக்கிறது. 1969-இல் அப்பல்லோ 11 வீரர்கள் வைத்துவிட்டு வந்த எதிரொளிப்பான் மீது லேசர் அடித்து, ஒளி திரும்பிவரும் நேரத்தை அளந்ததில் ஆண்டுக்கு 3.8 செ.மீ. என்று தெரிகிறது. இதற்குச் சூரியன் காரணமில்லை. நிலா எழுப்பும் ஓத வீக்கத்தைப் பூமியின் சுழற்சி சற்று முன்னால் தள்ளிக்கொண்டு போகிறது, அந்த வீக்கம் நிலாவை முன்னோக்கி இழுக்கிறது. இழப்பு பூமிக்கு, சுழற்சி மெல்லக் குறைந்து நாள் நீள்கிறது. இதே வேகம் என்று வைத்தாலும், சூரியன் தன் எரிபொருள் தீர்ந்து ஊதிப்போக ஆகும் 500 கோடி ஆண்டுகளில் நிலா இன்னும் 1.9 லட்சம் கி.மீ. மட்டுமே விலகியிருக்கும். மொத்தம் 5.7 லட்சம். அப்போதும் நம் பிடிக்குள்தான்.