வெளியில் வாங்கிய சைலன்சரை வீட்டிலேயே காருக்கு மாட்ட முடியுமா? கோணாமல் உட்கார என்ன செய்ய வேண்டும்?

முடியும். ஆனால் பின்பாதியை மட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குப் பின்னால் வரும் நடுக்குழாய், கடைசியில் தொங்கும் டப்பா, பம்பருக்கு அடியில் எட்டிப் பார்க்கும் வால் குழாய், இவ்வளவும் வீட்டு வாசலில் வைத்துச் செய்யக்கூடிய வேலைதான். இன்ஜினோடு சேரும் முன்பகுதியில் மட்டும் கை வைக்காதீர்கள். அங்கே இருக்கும் ஸ்டட்டுகள் (தலையில்லாத போல்ட்டுகள்) வருடக்கணக்காக வெந்து கிடப்பவை. ஸ்பேனரை வைத்து ஒரு திருகு திருகினால் நட்டும் ஸ்டட்டும் சேர்ந்தே முறிந்து கையோடு வரும். அப்புறம் லேத் பட்டறைக்காரரைத் தேடி அலைய வேண்டியதுதான்.

நான் மாட்டியது 2009 மாடல் ஸ்விஃப்ட் பெட்ரோல் காருக்கு. ஊர் தூத்துக்குடி. 2024-ல் வண்டிக்கு 15 வருடம் முடிந்து, எஃப்.சி. காட்டி ஆர்.சி.யைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. அதற்கு முன் ஒருநாள் வண்டி டிராக்டர் மாதிரி உறும ஆரம்பித்தது. குனிந்து பார்த்தால் பின்டப்பாவின் மடிப்போரத்தில் விரல் நுழைகிற அளவுக்கு ஓட்டை. 15 வருடம் உழைத்த பாகம், அதைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. வெளியே உப்புக்காற்று, உள்ளே தண்ணீர். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகப் புகையோடு வரும். நீண்ட தூரம் ஓட்டினால் சைலன்சர் சூடாகி அது வெளியேறிவிடும். என்னைப் போல வீட்டிலிருந்து மூன்று கிலோமீட்டர் போய் அணைத்துவிட்டால் அத்தனையும் டப்பாவுக்குள்ளேயே தங்கி இரும்பைத் தின்னும். பல டப்பாக்களில் அடியில் சின்னதாக ஒரு துளை இருப்பது இந்தத் தண்ணீர் வடியத்தான். ஓட்டை விழுந்துவிட்டது என்று அதை வெல்டிங் வைத்து அடைத்தவர்களையும் பார்த்திருக்கிறேன்.

கடையில் வெளிக் கம்பெனி சைலன்சர், கார் கம்பெனி சைலன்சரின் பாதி விலைக்கும் குறைவாகக் கிடைத்தது. வாங்கிவிட்டேன். முதல் ஞாயிற்றுக்கிழமை மாட்டினேன், தப்பாக. அடுத்த ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் கழற்றித் திரும்ப மாட்டினேன். உங்களுக்கு உதவப்போவது அந்த முதல் ஞாயிற்றுக்கிழமைதான்.

நான் செய்த தப்பு இது. கன்வெர்ட்டருக்குப் பின்னால் நடுக்குழாய் சேரும் முன்பக்க ஜாயின்ட்டைப் பொருத்தியதும், வேலை முடிந்த திருப்திக்காக, அதை முழுசாக முறுக்கிவிட்டேன். பின்னால் வந்து பார்த்தால் டப்பாவின் கொக்கி, அதை வண்டிக்கு அடியில் தொங்கவிடும் ரப்பருக்கு நேராக இல்லை, இரண்டு விரல் அளவு இடதுபக்கம் தள்ளி நின்றது. சரி, ரப்பர்தானே, இழுக்கும் என்று முட்டியால் தள்ளி மாட்டிவிட்டேன். வெளியே நின்று பார்க்க வால் குழாய் அழகாக நடுவில் இருந்தது. தெருமுனை ஸ்பீட் பிரேக்கரில் ஏறி இறங்கியதும் அடியில் "டங்" என்றது.

பக்கத்து வீட்டு அண்ணாச்சி லாரி பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வந்தார், குனிந்து ரப்பரை விரலால் சுண்டினார். வில் நாண் மாதிரி விறைத்துக் கிடந்தது. "தம்பி, தலையை இறுக்கிக் கட்டிட்டு வாலைப் பிடிச்சு இழுத்திருக்கீய. அது நிக்குமா?" என்றார்.

அவர் சொன்னதைக் கணக்காகப் போட்டுப் பார்த்தேன். முன் ஜாயின்ட்டிலிருந்து வால் வரைக்கும் சுமார் இரண்டரை மீட்டர். முன்னால் ஒரே ஒரு டிகிரி சாய்ந்தால் பின்னால் 4 சென்டிமீட்டருக்கு மேல் விலகும். ஆக, கோணல் கண்ணுக்குத் தெரிவது வாலில், இருப்பது தலையில். வாலில் நின்று அதைச் சரி செய்யவே முடியாது. ரப்பரை இழுத்து மறைக்கத்தான் முடியும். அந்த ரப்பர் சில மாதத்தில் கிழியும், இல்லையென்றால் அந்த முறுக்கு முழுவதும் வெல்டிங் மேல் விழுந்து அங்கே விரிசல் விடும்.

இரண்டாவது தடவை செய்ததைச் சொல்கிறேன்.

மாட்டுவதற்கு முன்பே பாதி வேலை தரையில் இருக்கிறது. பழைய சைலன்சரைக் கழற்றி, வண்டியில் எப்படி இருந்ததோ அதே மாதிரி தரையில் கிடத்தி, சுற்றிலும் சாக்பீஸால் கோடு போட்டேன். அதை எடுத்துவிட்டுப் புதுசை அந்தக் கோட்டுக்குள் வைத்தேன். குழாயின் வளைவெல்லாம் சரியாக உட்கார்ந்தது. ஒரு கொக்கிக் கம்பி மட்டும் கோட்டைத் தாண்டி ஒன்றரை சென்டிமீட்டர் வெளியே நின்றது. பட்டறையில் பற்றவைத்தவர் கொஞ்சம் சாய்த்து வைத்துவிட்டார், அவ்வளவுதான். வெளியில் வாங்கும் சைலன்சரில் இப்படி ஏதாவது ஒன்று இருக்கவே செய்யும். கம்பியின் மேல் ஒரு ஜி.ஐ. பைப் துண்டைச் செருகி மெதுவாக வளைத்துக் கோட்டுக்குள் கொண்டுவந்தேன். கம்பி கோணினால் இப்படி நிமிர்த்தலாம். குழாயின் வளைவே கோட்டோடு ஒத்துப்போகவில்லை என்றால் மல்லுக்கட்டாமல் கடைக்குத் திருப்பிக் கொடுங்கள். ஒருமுறை மாட்டிக் கரி படிந்துவிட்டால் யாரும் திரும்ப வாங்க மாட்டார்கள்.

வண்டியைத் தூக்குவது பற்றி ஒரு வார்த்தை. ஸ்டெப்னியோடு வரும் ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் தலையை நுழைக்காதீர்கள். செங்கல், ஹாலோ பிளாக் எதுவும் வேண்டாம். ஹாலோ பிளாக் விரிசல் விட்டுக் காட்டி எச்சரிக்காது, ஒரே நொடியில் பொடியாகும். ஜாக் ஸ்டாண்ட் ஒரு ஜோடி வாங்கிவிடுங்கள், சைலன்சரை விட விலை குறைவு. முன்சக்கரத்துக்குக் கட்டை, ஹேண்ட் பிரேக், சமதளத் தரை. முக்கியமாக, வண்டி முழுதாக ஆறியிருக்க வேண்டும். நான் காலையில் எடுக்காத வண்டியில்தான் கை வைத்தேன்.

துருப்பிடித்த நட்டுகளுக்கு முதல் நாள் ராத்திரியே துரு நீக்கும் ஸ்பிரேயை அடித்துவிட்டேன். மூன்றில் இரண்டு கழன்றன. மூன்றாவதின் மூலை தேய்ந்து ஸ்பேனர் வழுக்கியது. அதைக் கிரைண்டரால் அறுத்தேன். பெட்ரோல் டேங்க் பக்கத்திலேயே இருப்பதால் பொறி அந்தப் பக்கம் பறக்காதபடி நடுவில் ஈரச் சாக்கு தொங்கவிட்டு, பக்கத்தில் ஒரு வாளி மணல் வைத்திருந்தேன். கண்ணாடி போடாமல் கீழே படுக்காதீர்கள். துரு நேராகக் கண்ணுக்குள்தான் விழும். ரப்பரைக் கொக்கியிலிருந்து உருவச் சோப்புத் தண்ணீர் போதும். கிரீஸோ எண்ணெயோ போட்டால் ரப்பர் ஊறிக் கெட்டுவிடும்.

இனி மாட்டுவது. முதலில் ரப்பர்கள் அத்தனையையும் புதுசாக மாற்றுங்கள். பழசு தொங்கிப்போய் நீண்டிருக்கும், அதை நம்பி அளவு பார்த்தால் அளவே தப்பு. பிறகு முழு சைலன்சரையும் ரப்பரில் தொங்கவிட்டு, எல்லா ஜாயின்ட்டிலும் நட்டைக் கையால் மட்டும் திருகி விடுங்கள். ஸ்பேனர் பெட்டியிலேயே இருக்கட்டும். பிடித்து ஆட்டினால் மொத்தமும் ஆட வேண்டும்.

என் காரில் முன் ஜாயின்ட் ஸ்பிரிங் போல்ட் வகை. நடுவில் கிராஃபைட் வளையம் ஒன்று உட்காரும், கிண்ணத்துக்குள் பந்து வைத்த மாதிரி. குழாயை மேலும் கீழும், இடமும் வலமும் சாய்க்க வழி இந்த இடத்தில்தான் இருக்கிறது. நடுக்குழாயும் டப்பாவும் சேரும் இடம் ஒன்றுக்குள் ஒன்று செருகிக் கிளாம்ப் போடுகிற மாதிரி. அங்கே நீளத்தைக் கூட்டலாம், குறைக்கலாம், டப்பாவைச் சுழற்றலாம். எந்தக் கோணலை எந்த இடத்தில் எடுக்க வேண்டும் என்று இதை வைத்தே தெரிந்துவிடும். டப்பா ஒருபக்கமாகத் திரும்பி நின்றால் செருகலில் சுழற்றுங்கள். வால் மொத்தமாக இடதுபக்கம் ஒதுங்கினால் முன்னால் போங்கள். செருகல் குறைந்தது நாலு சென்டிமீட்டராவது உள்ளே போயிருக்க வேண்டும். அடியில் இருக்கும் அந்தத் தண்ணீர்த் துளை தரையைப் பார்த்து இருந்தால் டப்பா நேராக இருக்கிறது என்று அர்த்தம். ரசமட்டமே தேவையில்லை.

பிறகு ரப்பரைப் பாருங்கள். ஒவ்வொன்றும் செங்குத்தாகத் தொங்க வேண்டும். எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒரே விறைப்பு இருக்க வேண்டும். ஒன்று தொளதொளவென்றும் இன்னொன்று விறைத்தும் இருந்தால் பாரம் ஒரே ரப்பரில் விழுகிறது. சூடேறினால் குழாய் நீளும் என்பதையும் நினைவில் வையுங்கள். இரண்டரை மீட்டர் இரும்புக் குழாய் சராசரியாக 300 டிகிரி சூடேறினால் 9 மில்லிமீட்டர் நீளும், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்றால் 13 வரை போகும். அது பின்பக்கமாகத்தான் வரும். அதனால் வால் குழாயைப் பம்பரோடு ஒட்டி வைக்காதீர்கள். பாடி, பெட்ரோல் டேங்க், பிரேக் ஹோஸ் எல்லாவற்றிலிருந்தும் குறைந்தது ஒரு பெருவிரல் இடைவெளி விடுங்கள்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது, நான் விழுந்தேன். என் காரில் குழாய், இரண்டு பின்சக்கரங்களையும் இணைக்கும் ஆக்ஸில் பீமுக்கு மேலே வளைந்து போகிறது. வண்டியைத் தூக்கிப் பின்சக்கரம் தொங்கும்போது பீமும் கீழே இறங்கிவிடும், இடைவெளி தாராளமாகத் தெரியும். இறக்கி வைத்ததும் பீம் மேலே வந்துவிடும், நாலு பேர் ஏறினால் இன்னும் மேலே. முதல் ஞாயிறு கேட்ட "டங்" பாதி இதனால்தான். இரண்டாவது தடவை இறுக்குவதற்கு முன் வண்டியைத் தரையில் இறக்கி, பின்சீட்டில் மச்சானையும் அவர் நண்பரையும் உட்கார வைத்து, வெளியிலிருந்தே டார்ச் அடித்து இடைவெளியைப் பார்த்தேன். இரண்டு விரல் இருந்தது. ஆள் உட்கார்ந்திருக்கும்போது கீழே படுத்துப் பார்க்காதீர்கள்.

எல்லாம் சரி என்று பட்ட பிறகுதான் மறுபடி தூக்கி ஸ்டாண்டில் வைத்து ஸ்பேனரை எடுத்தேன். முன்னாலிருந்து பின்னால், கொஞ்சம் கொஞ்சமாக, ஒவ்வொரு ஜாயின்ட்டையும் முறுக்கிவிட்டுப் பின்னால் வந்து ரப்பரைச் சுண்டிப் பார்த்து. ஸ்பிரிங் போல்ட்டை அதன் தோள் போய் முட்டும் வரைக்கும் திருகினால் போதும், அழுத்தத்தை ஸ்பிரிங் பார்த்துக்கொள்ளும். யு கிளாம்பை வெறியோடு முறுக்கினால் குழாய் நசுங்கும், பிறகு ஜென்மத்துக்கும் பிரிக்க முடியாது. பட்டை கிளாம்ப் கிடைத்தால் அதுதான் நல்லது. கேஸ்கட்டும் வளையமும் புதுசாகவே போடுங்கள். பழைய கிராஃபைட் வளையம் சாக்பீஸ் மாதிரி உதிரும். மரையில் கொஞ்சம் காப்பர் கிரீஸ் தடவினால் அடுத்த முறை கழற்றுகிறவர் உங்களை வாழ்த்துவார், அது நீங்களாகவே கூட இருக்கலாம்.

ஸ்டார்ட் செய்வதைத் திறந்த வெளியில் செய்யுங்கள். ஷட்டர் போட்ட ஷெட்டுக்குள் வேண்டவே வேண்டாம். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. முதல் பத்துப் பதினைந்து நிமிடம் புது சைலன்சரின் பெயின்ட்டும் எண்ணெயும் எரிந்து வெள்ளையாகப் புகையும், பயப்பட வேண்டாம். ஜாயின்ட்டில் கசிவு இருக்கிறதா என்று பார்க்க, இன்ஜினை ஐடிலில் விட்டு, கனமான ஈரத்துணியால் வால் குழாயைச் சில நொடி பொத்துங்கள். கசிந்தால் "உஸ்" என்று கேட்கும். குழாய் சூடேறுவதற்கு முன் ஜாயின்ட்டில் சோப்புத் தண்ணீர் ஊற்றினால் நுரை இடத்தைக் காட்டிக்கொடுக்கும். புகையில் மிஞ்சும் ஆக்சிஜனை அளக்கும் ஆக்சிஜன் சென்சாருக்கு முன்னால் கசிவு இருந்தால் வெளிக்காற்று உள்ளே இழுக்கப்பட்டு, பெட்ரோல் போதவில்லை என்று சென்சார் தவறாகச் சொல்லும், பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் கம்ப்யூட்டரான இசியு இன்னும் பெட்ரோலை ஊற்றும், மைலேஜ் போகும்.

இவ்வளவு செய்தும் என் வண்டியில் 2000 ஆர்பிஎம் பக்கம் கரகரவென்று ஒரு சத்தம் மிச்சம் இருந்தது. அரை நாள் சைலன்சரையே சந்தேகப்பட்டேன். கடைசியில் பார்த்தால் குழாய்க்கு மேலே இருக்கும் வெப்பத் தடுப்புத் தகட்டின் திருகுத் துளை துருவில் பெரிதாகி, தகடு தனியாக ஆடிக்கொண்டிருந்தது. அகலமான வாஷர் ஒன்று போட்டேன், சத்தம் நின்றது.

சத்தம் கூடுதலாக வேண்டும் என்றுதான் வெளி சைலன்சர் வாங்குகிறீர்கள் என்றால் என் பதில் வேறு. மத்திய மோட்டார் வாகன விதி 120 சத்தத்தைக் குறைக்கும் சைலன்சரைக் கட்டாயமாக்குகிறது. சத்தம், புகை அளவை மீறினால் மோட்டார் வாகனச் சட்டம் 190(2)-ன் கீழ் முதல் முறையே 10,000 ரூபாய் வரை அபராதமோ, மூன்று மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம், லைசென்ஸும் மூன்று மாதத்துக்குப் போகும். கேட்டலிடிக் கன்வெர்ட்டரை எடுத்துவிட்டு வெறும் குழாய் வைத்தால் வண்டி பறக்கும் என்று யாராவது சொன்னால் அவர் கண் எதன் மேல் இருக்கிறது என்று பாருங்கள். அதற்குள் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் இருக்கிறது. பழசுக்குப் பழைய இரும்பு வாங்கும் ஆக்கர் கடையில் நல்ல விலை.

100 கிலோமீட்டர் ஓடிய பிறகு, வண்டி ஆறியதும், எல்லா நட்டையும் ஒருமுறை தொட்டுப் பார்த்தேன். சூடேறி ஆறி ஜாயின்ட் உட்கார்ந்ததில் கிளாம்ப் நட்டு அரைச்சுற்று கூடுதலாகப் போனது, மற்றவை அப்படியே இருந்தன. அண்ணாச்சி அதற்கிடையில் வந்து செருப்புக் காலால் வால் குழாயை லேசாகத் தட்டிவிட்டு, அது ஊஞ்சல் மாதிரி ஆடித் தானாக நடுவில் வந்து நிற்கும் வரை பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் சொல்லாமல் பேப்பர் படிக்கப் போய்விட்டார்.