ரஷ்ய ஓவியர் பாவெல் கோரின் தன் மாபெரும் ஓவியத்தை ஏன் வரையவே இல்லை?

கோரின் தன் மிகப் பெரிய ஓவியத்தைத் தொடங்கவே இல்லை என்று நீங்கள் கேள்விப்பட்டது உண்மைதான். ஐந்தரை மீட்டர் உயரம், ஒன்பதரை மீட்டருக்குச் சற்றுக் குறைந்த அகலம். அவ்வளவு பெரிய கேன்வாஸைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி, அடிப்பூச்சும் பூசித் தயாராக வைத்துவிட்டு, 1967இல் சாகும்வரை அதில் ஒரு கோடுகூடப் போடவில்லை கோரின். ஸ்டாலின் காலம், பயந்துவிட்டார் என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். பயம் இல்லாமல் இருந்திருக்காது. ஆனால் அவர் வாழ்க்கையை ஆரம்பத்திலிருந்து பார்த்தால், அந்த ஓவியத்துக்குள் நிற்க வேண்டியவர்களை ஒவ்வொருவராக அவர் ஏற்கெனவே வரைந்து முடித்துவிட்டார் என்பதுதான் எனக்குப் படுகிறது.

அவர் பிறந்தது 1892இல், பாலெக் என்ற ஊரில். ஐகான் எனப்படும் திருவுருவப் படங்களை எழுதுவதே அந்த ஊரின் தொழில். கோரின் குடும்பத்துக்கும் அது தலைமுறை தலைமுறையாக வந்த வேலை. பலகையில் வெள்ளைப் பூச்சு கொடுத்து, முட்டையின் மஞ்சள் கருவில் குழைத்த நிறங்களால் எழுதுவார்கள். ஒரே படத்தில் பல கைகள் வேலை செய்யும். ஆடையும் மலையும் மாளிகையும் எழுதுபவர் ஒருவர், முகம் எழுதுபவர் வேறொருவர். முகம் எழுதுபவருக்கு மதிப்பு அதிகம். மனித முகத்தைத் தனியாக, கடைசியாக, பயபக்தியோடு அணுகும் இந்தப் பழக்கத்தில் வளர்ந்த பையன் பின்னாளில் உருவப்பட ஓவியராக ஆனதில் எனக்கு வியப்பே இல்லை.

ஊர்ப் பள்ளியில் தொழில் கற்றுக்கொண்டு மாஸ்கோ வந்தவர், தோன்ஸ்கோய் மடத்தின் ஐகான் பட்டறையில் சேர்ந்தார். அங்கிருந்துதான் மிகைல் நெஸ்தெரொவ் என்ற புகழ்பெற்ற ஓவியரிடம் உதவியாளராகப் போனார். மார்த்தா மரியா கன்னியர் இல்லத்தின் கோயிலுக்கு நெஸ்தெரொவ் அப்போது சுவரோவியங்கள் எழுதிக்கொண்டிருந்தார். அந்த இல்லத்தை நிறுவியவர் எலிசபெத் இளவரசி, ஜார் மன்னரின் மனைவிக்கு அக்கா. கோயிலின் நிலவறைப் பகுதிக்கு ஓவியம் எழுதும் வேலை பிறகு கோரினுக்கே கிடைத்தது. அவருடைய மனைவி பிரஸ்கோவியாவும் அந்த இல்லத்தில் வளர்ந்தவர்தான். நெஸ்தெரொவ் தூண்டியதால் 1912 முதல் 1916 வரை மாஸ்கோ ஓவியக் கல்லூரியில் கோரின் முறையாகவும் படித்தார். ஆசிரியர் மாணவர் உறவு நெஸ்தெரொவ் 1942இல் இறக்கும்வரை அறுபடவில்லை. 1930இல் கோரினையும் அவர் தம்பி அலெக்சாந்தரையும் நெஸ்தெரொவ் வரைந்தார். 1939இல் நெஸ்தெரொவைக் கோரின் வரைந்தார்.

இதற்கிடையில் 1917இன் ரஷ்யப் புரட்சி வந்துவிட்டது. அடுத்த ஆண்டே எலிசபெத் இளவரசி கொல்லப்பட்டார். கோயில்கள் மூடப்பட்டன, ஐகான்களுக்கு வாங்குபவர் இல்லை, பாலெக் ஓவியர்கள் அரக்குப் பெட்டிகளில் நாட்டுப்புறக் கதைகளை வரைந்து பிழைக்கத் தொடங்கினார்கள். கோரினோ மருத்துவக் கல்லூரியின் பிணவறைக்குப் போய் எலும்பையும் தசையையும் வரைந்து பழகினார். அலெக்சாந்தர் இவானொவ் என்ற பழைய ஓவியர் மக்கள் முன் கிறிஸ்து தோன்றுவதை இருபது ஆண்டுகள் உழைத்து வரைந்திருந்தார். அந்தப் படத்தின் முன் உட்கார்ந்து கோரின் பிரதி எடுத்தார். ஒரே படத்துக்காக நூற்றுக்கணக்கான முன்னோட்டங்கள் வரையும் துணிவு அங்கிருந்துதான் வந்திருக்க வேண்டும்.

1925 ஏப்ரலில் ரஷ்யத் திருச்சபையின் முதுபெரும் தந்தை திகோன் இறந்தார். உடல் வைக்கப்பட்டிருந்தது கோரின் வேலை பார்த்த அதே தோன்ஸ்கோய் மடத்தில். நாட்டின் எந்தெந்த மூலையிலிருந்தோ துறவிகள், பிச்சைக்காரர்கள், பார்வையற்றவர்கள், கிழவிகள், பழைய பிரபுக் குடும்பத்தார் எல்லாரும் திரண்டு வந்தார்கள். இனி இப்படி ஒரு கூட்டம் கூடப்போவதில்லை என்பது அவருக்கு அங்கேயே புரிந்துவிட்டது. கிரெம்ளினின் பெரிய கோயிலுக்குள் இவர்கள் எல்லாரும் கடைசி வழிபாட்டுக்கு நிற்பதுபோல ஒரே ஓவியம். அதற்கு அவர் வைத்த பெயர் ‘ரெக்வியம்’, இறந்தோருக்கான வழிபாடு.

ஆனால் நாத்திக அரசின் தலைநகரில் எந்தத் துறவி வந்து ஓவியருக்கு முன் நிற்பார்? பேராயர் திரிஃபோன் 1929இல் உட்கார்ந்தார். உடல் தளர்ந்திருந்த அந்த முதியவரை உயிர்ப்புப் பெருவிழாவின் சிவப்புத் திருவுடையில் கோரின் வரைந்திருக்கிறார். அதன் பிறகு மற்றவர்களுக்கும் தைரியம் வந்தது; பேராயரே சம்மதித்திருக்கிறார் என்பது போதுமான சிபாரிசு. இப்படி 29 பெரிய படங்கள் சேர்ந்தன.

இந்தப் படங்களைப் பற்றித்தான் எனக்கு அதிகம் பேச வேண்டும். பெரும்பாலானவற்றில் பின்னணி என்று சொல்ல ஒன்றும் கிடையாது. ஆளை மட்டும், பெரும்பாலும் முழு உருவத்தில், ஏறத்தாழ ஆளுயரத்துக்கு நிறுத்தியிருக்கிறார். ‘தந்தையும் மகனும்’ (1931) படத்தில் அப்பா அகன்ற மார்பும் அடர்ந்த தாடியுமாகக் காலூன்றி நிற்கிறார். அவருக்குப் பின்னால் ஒல்லியான மகன் தலை குனிந்து நிற்கிறான். இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. அப்பாவின் உறுதி மகனுக்குப் போய்ச் சேரவில்லை என்பதை இரண்டு உடல்கள் நிற்கும் விதத்திலேயே சொல்லிவிடுகிறார். பார்வையற்றவர் படத்தில் கைகள்தான் கண்கள்; அவை காற்றைத் தடவிக்கொண்டு நம் பக்கம் நீள்கின்றன. இவர்கள் யாரிடமும் இரக்கம் கேட்கவில்லை.

1931இல் மாக்சிம் கார்க்கி அர்பாத் தெருவில் இருந்த கோரினுடைய மாடிக் கொட்டகைக்கு வந்து இவற்றைப் பார்த்தார். தமிழ் வாசகர்களுக்கும் நன்கு தெரிந்த அதே கார்க்கிதான். அவரால் இத்தாலிப் பயணம் கிடைத்தது, பெரிய பட்டறை கிடைத்தது, ‘விடைபெறும் ரஷ்யா’ என்ற பாதுகாப்பான தலைப்பும் கிடைத்தது. ‘ரெக்வியம்’ என்றால் துக்கம். விடைபெறுகிறது என்றால் பழையது ஒழிகிறது என்று அதிகாரிகள் எடுத்துக்கொள்ளலாம். 1936இல் கார்க்கி இறந்ததும் அந்தப் பாதுகாப்பு போய்விட்டது. பாதிரிகளை வரைபவர் என்று தாக்கினார்கள். கேன்வாஸ் மட்டும் பட்டறையில் நின்றது.

அதற்குப் பிறகு முப்பது ஆண்டுகள் அவர் சும்மா இருக்கவில்லை. 1942–43இல், போரின் நடுவே, பழைய ரஷ்யாவின் போர்வீர இளவரசர் அலெக்சாந்தர் நெவ்ஸ்கியை மூன்று பகுதி ஓவியமாக வரைந்தார். கவசம் அணிந்து வாளூன்றி நிற்கும் இளவரசரின் தலைக்கு மேலே ஒரு கொடி. அதில் கிறிஸ்துவின் முகம், அப்படியே பாலெக் மரபில். நாடு எதிரியோடு போராடிய அந்த ஆண்டில் அதை யாரும் அகற்றச் சொல்லவில்லை. போருக்குப் பின் டிரெஸ்டன் கலைக்கூடத்தின் ஓவியங்களைச் செப்பனிடும் பணிக்குத் தலைமை தாங்கினார். போர்த் தளபதி மார்ஷல் ஷூகொவ் முதல் பலரை வரைந்தார், 1963இல் லெனின் பரிசும் பெற்றார். அந்தப் பிற்கால உருவப்படங்களில் வலிமை இருக்கிறது. ஆனால் 29 படங்களிலும் உள்ள கனிவு இல்லை என்பது என் அபிப்பிராயம்.

பெரிய ஓவியத்தின் முழு வரைவை 1959இல்கூடச் செய்து பார்த்தார். அதிலும் திருத்தொண்டர் தூபக்கலசத்தை உயர்த்துகிறார், கூட்டம் நம்மை நோக்கி நிற்கிறது. வரைவைப் பார்க்கும்போது எனக்கு ஒன்று தோன்றும்: கூட்டமாகச் சேர்த்ததும் ஒவ்வொருவரின் தனிக் கனமும் குறைந்துவிடுகிறது. தந்தையும் மகனும் அங்கே இரண்டு தலைகள், அவ்வளவுதான். முகத்தைத் தனியாக எழுதிப் பழகிய கைக்கு இது தெரியாமல் இருந்திருக்காது. அரசு தடுத்தது, ஆதரவாளர் போனார், மாதிரியாக நின்றவர்களில் பலர் இறந்துவிட்டார்கள், வேறு வேலைகள் குவிந்தன. எல்லாமே காரணங்கள். ஆனால் வேலை முக்கால்வாசி முடிந்துவிட்டது என்ற உணர்வும் அவற்றோடு சேர்ந்திருக்க வேண்டும் என்றுதான் நான் நினைக்கிறேன்.

படங்களைப் பார்க்க விரும்பினால் மாஸ்கோவின் திரெத்தியாகோவ் கலைக்கூடத்தின் தொகுப்பைத் தேடுங்கள். நேரில் போகும் வாய்ப்பு அமைந்தால், கட்டணம் மெட்ரோ டிக்கெட் மட்டும்தான்: கொம்சொமோல்ஸ்காயா வட்டப்பாதை நிலையத்தின் கூரையில் 1952இல் பதித்த மொசைக்குகள் அவருடையவை. பொன் பின்னணி, பழைய வீரர்கள், கொடிகள் என்று அண்ணாந்து பார்க்க வேண்டும். அங்கிருந்து இரண்டாவது நிறுத்தமான நோவோஸ்லபோத்ஸ்காயாவில் இருக்கும் வண்ணக் கண்ணாடிகளும் அவர் வரைவுகளிலிருந்து செய்தவைதான்.