மேக்னெட் நட், கிளட்ச் நட்: பழைய வண்டிக்காரர்களின் கேள்வி பதில்

ராமநாதபுரத்தில் சின்னதாகப் பட்டறை வைத்திருக்கிறேன். ஆர்எக்ஸ் 100, யெஸ்டி, பழைய புல்லட் இந்த மூன்றைத்தான் தொடுவேன். கிளட்ச் நட், கிராங்க் நட் முறுக்குவதைப் பற்றிக் கேளுங்கள் என்று சொன்னேன். வந்ததில் பாதி மைலேஜ் கேள்வி. அதையெல்லாம் ஒதுக்கிவிட்டேன்.

பாம்பன்: அண்ணே, ஆர்எக்ஸ் 100. மேக்னெட் நட் ஒரே மாதத்தில் மூன்று தடவை கழன்றுவிட்டது. கடைசித் தடவை லாக்டைட் பசை போட்டும் நிற்கவில்லை. நட்டை மாற்றவா?

நட் மேல் பழி போடாதீர்கள் தம்பி. மேக்னெட் என்கிற காந்தச் சக்கரத்தை கிராங்க் தண்டில் பிடித்துவைப்பது டேப்பர். கிராங்க் முனை கூம்பாகச் சரிந்திருக்கும், மேக்னெட்டின் துளையிலும் அதே சரிவு. இரண்டையும் கடிக்கவைப்பதுதான் நட்டின் வேலை. அரைவட்ட கீ, அதாவது இடையில் செருகும் சின்ன இரும்புத் துண்டு, மேக்னெட்டைச் சரியான இடத்தில் உட்காரவைக்க மட்டும். சுமையை அதன் தலையில் ஏற்றினால் அறுந்துவிடும்.

கீயைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். பக்கவாட்டில் ஒரு படி விழுந்திருந்தால் மேக்னெட் நகர்ந்திருக்கிறது, பொறி விழும் டைமிங்கும் போயிருக்கும். கிக்கர் காலைத் திருப்பி அடித்ததா? அதுதான். புதுக் கீ வாங்குங்கள். டேப்பரை பெட்ரோலில் துடைத்துக் காயவிட்டு, மார்க்கரால் நீளவாக்கில் நாலு கோடு போடுங்கள். கீ இல்லாமல் மேக்னெட்டை அழுத்தி லேசாகத் திருகி எடுங்கள். கோடு முழு நீளத்துக்கும் அழிந்திருந்தால் நல்லது. ஓரத்தில் மட்டும் அழிந்திருந்தால் டேப்பர் உட்காரவே இல்லை. எவ்வளவு முறுக்கினாலும் கழலத்தான் செய்யும்.

ஏர்வாடி: நான் போட் இன்ஜின் மெக்கானிக். நம்ம உப்புக்காற்றுக்கு டேப்பரில் கிரீஸ் தடவாமல் போட்டால் அடுத்த வருஷம் இழுத்துக் கழற்றும் புல்லர்தான் உடையும். இருபது வருஷமாகத் தடவுகிறேன், ஒன்றும் ஆகவில்லை.

அண்ணே, புரொப்பல்லர் ஷாஃப்ட் பல்லுக்கு கிரீஸ் தடவுங்கள், கட்டாயம் தடவ வேண்டும். அது நேர் பல். டேப்பர் உரசலால் நிற்பது, அதில் கிரீஸ் வைத்தால் பிடிப்பே போச்சு. அதோடு, அதே முறுக்கில் மேக்னெட் இன்னும் உள்ளே ஏறும், மையப் பகுதி விரிசல் விடும்.

ஏர்வாடி: இதைப் புத்தகத்தில் எழுதினவன் கடற்கரைக் கச்சான் காற்றில் நின்று பார்த்தானா?

தொண்டி: ஏர்வாடி அண்ணன் சொல்வது சரி. என் ஃப்ளைவீலை, அதான் மேக்னெட்டை, கேஸ் டார்ச் வைத்துச் சுட்டுத்தான் எடுத்தார்கள்.

மண்டபம்: நான் தடவி ஓட்டினேன். நடுக்கடலில் கீ அறுந்து, வேறொரு வல்லம் கட்டி இழுத்துவந்தது.

மண்டபம் சொன்னதை ஏர்வாடி அண்ணன் இரண்டு தடவை படிக்கட்டும். துரு பயம் நியாயமான பயம்தான், மறுக்கவில்லை. ஆனால் நன்றாகக் கடித்த டேப்பருக்குள் ஈரம் போக இடம் இருக்காது. உலர்வாகப் போட்டு முறுக்கி முடித்தபிறகு, நட்டைச் சுற்றியும் ஷாஃப்ட் முனையிலும் வெளியே கிரீஸ் தடவுங்கள். வருஷம் ஒருமுறை புல்லர் போட்டுக் கழற்றித் துடைத்துப் போடுங்கள். இதற்கு மேல் சண்டை வேண்டாம்.

கீழக்கரை: வாப்பாவுடைய யெஸ்டி. கிளட்ச் நட் அசையவே இல்லை. மெக்கானிக் உளி வைத்து அடித்ததில் நட் முனை மழுங்கிவிட்டது.

உளியை வாங்கி உள்ளே வையுங்கள் தங்கச்சி. முதலில் மரை எந்தப் பக்கம் என்று பாருங்கள். ஷாஃப்ட் முனை மேலே பார்க்கும்படி வைத்ததாக நினைத்துக்கொண்டு, நட்டுக்கு வெளியே தெரியும் மரையில் டார்ச் அடியுங்கள். கோடு வலப்பக்கம் ஏறினால் சாதா மரை. இடப்பக்கம் ஏறினால் இடது மரை, கடிகார முள் சுற்றும் திசையில் திருப்பினால்தான் கழலும். இதைப் பார்க்காமல் கழற்றுவதாக நினைத்து இறுக்கிக்கொண்டே போனவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

கிளட்சைப் பிடிக்க ஸ்க்ரூடிரைவரைச் செருகாதீர்கள், கூடையின் விரல் உடையும். தேய்ந்த கிளட்ச் பிளேட்டில் ஒரு இரும்புப் பட்டையை வெல்டு வைத்தால் அருமையான கைப்பிடி. பூட்டு வாஷரின் மடிப்பை நிமிர்த்திவிட்டுக் கழற்றுங்கள். திரும்பப் போடும்போது புது வாஷர், ஒருமுறை மடித்த இடத்தில் மறுபடி மடித்தால் வெடிக்கும்.

சாயல்குடி: டார்க் ரெஞ்ச் (முறுக்கு அளக்கும் ஸ்பேனர்) இல்லை. கை அளவு போதாதா?

போதாது. ஆனால் வீட்டில் மீன் நிறுக்கும் ஸ்பிரிங் தராசு இருக்குமே? நட்டின் மையத்திலிருந்து சரியாக 50 செ.மீ. தள்ளிக் கைப்பிடியில் கொக்கியை மாட்டி, கைப்பிடிக்குச் செங்குத்தாக இழுங்கள். தராசு 10 கிலோ காட்டினால் 5 கிலோகிராம்-மீட்டர். சாய்த்து இழுத்தால் கணக்கு தப்பு. தராசை முதலில் ஒரு 5 கிலோ படிக்கல்லில் சோதியுங்கள், மீன் வியாபாரியின் தராசு வியாபாரியின் பக்கம்தான் பேசும்.

தேவிபட்டினம்: டார்க் எத்தனை வைக்க வேண்டும்?

எந்த வண்டி, எந்த நட்? அந்த வண்டியின் சர்வீஸ் புத்தகத்தில் உள்ள எண்தான். அலகைப் பாருங்கள்: 1 கிலோகிராம்-மீட்டர் என்பது 9.8 நியூட்டன் மீட்டர், 7.2 அடி-பவுண்டு. புத்தகம் தனியாகச் சொல்லாவிட்டால் மரை சுத்தமாக, உலர்ந்து இருக்கட்டும். எண்ணெய் பட்ட மரையில் அதே எண்ணுக்கு நட் அதிகமாக இழுத்துவிடும்.

வாலிநோக்கம்: இம்பாக்ட் கன் (அடித்து அடித்து முறுக்கும் மெஷின்) வைத்து அடிக்கலாமா?

வேண்டாம்.

மூக்கையூர்: இம்பாக்ட் கன்?

வேண்டாம் என்றேனே. சரி, காரணம் சொல்கிறேன். டூ-ஸ்ட்ரோக் கிராங்க் ஒரே துண்டு இல்லை. இரண்டு பாதிகளை ஒரு இரும்புப் பின்னில் அழுத்திச் சேர்த்தது. வலப்பக்க கியரைப் பூட்டிவைத்து இடப்பக்க மேக்னெட் நட்டை அடித்தால், அடி முழுதும் அந்தப் பின் வழியாகத்தான் போகும். பாதிகள் ஒன்றுக்கொன்று திரும்பிவிடும், வண்டி அதிரும், பேரிங்கும் சீலும் போகும். ஆரம்ப காலத்தில் ஒரு ஆர்எக்ஸ் கிராங்கை நானே சுத்தியலால் அப்படிக் கெடுத்து, என் காசில் வேறு வாங்கிப் போட்டேன். எந்தப் பக்க நட்டோ அந்தப் பக்கத்தையே பிடியுங்கள். மேக்னெட் என்றால் மேக்னெட்டைப் பட்டை ஸ்பேனரால்.

உச்சிப்புளி: பிளக் துளை வழியாகக் கயிறு விட்டுப் பிஸ்டனை நிறுத்தலாமா?

கடைசி வழி அது. சிலிண்டர் சுவரில் உள்ள போர்ட் துளைகளைத் தாண்டிப் பிஸ்டன் மேலே வந்தபிறகு கயிறு விடுங்கள், இல்லையென்றால் நுனி போர்ட்டில் சிக்கும்.

தேவிபட்டினம்: அப்போ டார்க் எத்தனை?

மேலே படிக்கவும்.

பாம்பன்: அண்ணே, கோடு போட்டுப் பார்த்தேன். வெளி ஓரத்தில் கொஞ்சம்தான் அழிந்திருக்கிறது. கீயில் படியும் விழுந்திருக்கிறது.

நினைத்தேன். கிராங்கைக் கழற்ற வேண்டாம், வண்டியையே ஞாயிற்றுக்கிழமை கொண்டுவாருங்கள். சீல் பக்கம் துணி அடைத்து, வால்வு அரைக்கும் பேஸ்ட்டில் கையாலேயே அரைத்துக் கழுவித் தருகிறேன். புதுக் கீ வாங்கிவிடுங்கள். லாக்டைட்டை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.