ஆஸ்பிரினை நிறுத்திவிட்டார்களே, மாமனாருக்கு ஆபத்தில்லையா?

கேள்வி: கொரியாவில் சூவன் நகரில் வேலை பார்க்கிறேன். மனைவி கொரியர். மாமனாருக்கு வயது 76, எடை 57 கிலோ. ரத்த அழுத்தம் உண்டு. 4 ஆண்டுகளுக்கு முன் இதயத்தில் ஸ்டென்ட் வைத்ததிலிருந்து ஆஸ்பிரின் சாப்பிட்டுவந்தார். போன மாதம் ஏட்ரியல் ஃபைப்ரிலேஷன் என்று சொல்லி, எடோக்ஸாபான் என்ற ரத்த உறைவுத் தடுப்பு மாத்திரை 30 மி.கி. கொடுத்து, ஆஸ்பிரினை நிறுத்திவிட்டார்கள். அவருடைய நண்பர் 60 மி.கி. எடுக்கிறாராம். இது போதுமா?

பதில்: நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், டாக்டர் செய்தது சரிதான்.

இந்த நோயில் இதயத்தின் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் துடிதுடித்துக்கொண்டிருக்கும். இடது மேலறையை ஒட்டிய சின்னப் பை ஒன்றில் ரத்தம் தேங்கி உறைகிறது. அந்த ரத்தக் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். ஆஸ்பிரின் தட்டணுக்களைத்தான் அடக்கும். தேங்கிய ரத்தம் உறைவதைத் தடுக்க அது போதாது. மாமனாருக்கு வயதுக்கு 2, ரத்த அழுத்தத்துக்கு 1, இதயக் குழாய் அடைப்புக்கு 1 என்று பக்கவாத ஆபத்து மதிப்பெண் 4 வருகிறது. 2 வந்தாலே உறைவுத் தடுப்பு மருந்து தேவை.

கொரியாவிலும் நெடுநாள் ஆஸ்பிரின்தான் ஓடியது. பழைய உறைவுத் தடுப்பு மருந்தான வார்ஃபரின் மீது டாக்டர்களுக்கே பயம். அதைச் சாப்பிடும் கிழக்காசியர்களுக்கு மூளைக்குள் ரத்தம் கசியும் ஆபத்து வெள்ளையர்களைவிட அதிகம். ரத்தம் எவ்வளவு மெதுவாக உறைகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். பரிசோதனையை அடிக்கடி பார்க்க வேண்டும். புளிக்கவைத்த சோயாவில் செய்யும் சொங்குக்ஜாங் குழம்பையும் ஒதுக்க வேண்டும்; அதில் வார்ஃபரினின் வேலையைக் கெடுக்கும் வைட்டமின் கே அவ்வளவு. (குளிர்காலத்தில் அதை விட்டுக்கொடுப்பது எவ்வளவு கஷ்டம் என்று மாமியாரிடம் கேட்டுப்பாருங்கள். எடோக்ஸாபானுக்கு அந்தத் தடை இல்லை.)

2013 ஜனவரியில் எடோக்ஸாபான் வகைப் புதிய மாத்திரைகளுக்குத் தேசியக் காப்பீடு கிடைத்தது, வார்ஃபரின் ஒத்துவராதவர்களுக்கு மட்டும். 2015 ஜூலையில் அந்தக் கட்டுப்பாடு தளர்ந்தது; ஆபத்து அதிகமுள்ளவர்களுக்கு எடுத்த எடுப்பிலேயே எழுதலாம் என்றானது. அதன்பின் மருந்துச் சீட்டுகளே மாறிப்போயின. நோயும் பெருகியது: 2013ல் 1.1 சதவீதமாக இருந்த பாதிப்பு 2022ல் 2.2. நாட்டில் முதியவர்கள் கூடியது அதற்குப் பெரிய காரணம்.

அப்புறம், ஸ்டென்ட் விஷயம். ஸ்டென்ட் வைத்தவருக்கு ஆஸ்பிரினும் வேண்டாமா என்ற கேள்விக்கு விடை கொரியாவிலேயே கிடைத்தது. ஏட்ரியல் ஃபைப்ரிலேஷனோடு, நிலைப்பட்ட இதயக் குழாய் நோயும் உள்ள 1,040 பேரிடம் அங்கே நடத்திய எபிக்-கேட் ஆய்வு 2024ல் வெளியானது. எடோக்ஸாபான் மட்டும் சாப்பிட்டவர்களையும், அதோடு ஆஸ்பிரின் போன்ற ஒன்றைச் சேர்த்துச் சாப்பிட்டவர்களையும் ஓர் ஆண்டு ஒப்பிட்டார்கள். கவனிக்க வேண்டிய அளவிலான ரத்தக்கசிவு முதல் அணியில் 4.7 சதவீதம், இரண்டாவதில் 14.2. மாரடைப்பு, பக்கவாதம் போன்றவற்றில் வித்தியாசமே தெரியவில்லை. ஸ்டென்ட் வைத்துச் சில மாதங்களே ஆனவருக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. மாமனாருக்கு 4 ஆண்டு ஆகிவிட்டது.

சரி, 30 ஏன்? எடை 60 கிலோவோ அதற்குக் கீழோ இருந்தால் எடோக்ஸாபான் 30தான். சிறுநீரகம் மந்தமானவர்களுக்கும் அதே. எனக்குக் கவலை இதற்கு நேர்மாறானது: எடையும் சிறுநீரகமும் சரியாக இருந்தும், "வயசாயிடுச்சே" என்று பாதி அளவு கொடுப்பது. ஆகவே நண்பரின் மாத்திரையோடு ஒப்பிடாதீர்கள். சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் பரிசோதனையை ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்த்தால் போதும்.

ஒரு வேளை மறந்தால், அன்றைக்கே ஞாபகம் வந்ததும் போட்டுக்கொள்ளட்டும். மறுநாள் இரண்டாகப் போடக் கூடாது. முட்டிவலிக்கு இபுப்ரோஃபென் வாங்கிப் போடும் பழக்கம் இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். சிவப்பு ஜின்செங், மூலிகைக் கஷாயம் எதுவானாலும் அப்படித்தான். பல் பிடுங்கப் போகும்போதும் இந்த மருந்தைச் சொல்ல வேண்டும். தானாக நிறுத்திவிட்டுப் போகக் கூடாது. வாய் கோணினாலோ, கை துவண்டாலோ, பேச்சு குழறினாலோ உடனே கொரிய அவசர உதவி எண் 119ஐ அழையுங்கள். கடைசி மாத்திரை எத்தனை மணிக்குப் போட்டார் என்பதையும் சொல்லுங்கள். அடுத்த சிகிச்சையை முடிவு செய்ய அவர்களுக்கு அந்த நேரம் தேவைப்படும்.