ஐந்தாம் வாரத்திலும் மீண்டும் தொடங்கலாம்

கேள்வி: மேடம், நான் அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. கணினி அறிவியல் இரண்டாம் ஆண்டு. பிளஸ் டூ வரை தமிழ் மீடியம். என்பிடெல் என்ற இலவச ஆன்லைன் படிப்புத் தளத்தில் 12 வார கோர்ஸ் ஒன்றில் சேர்ந்து, இரண்டு வாரம் அசைன்மென்ட் போட்டேன். அப்புறம் முடியவில்லை. ஆங்கிலம் வேகமாக ஓடுகிறது. இப்போது ஐந்தாம் வாரம். இலவசப் படிப்பெல்லாம் என்னைப் போன்றவர்களுக்கு இல்லையோ? கடன் வாங்கியாவது தனியார் சென்டரில் சேர்த்துவிடுகிறேன் என்கிறார் அப்பா.
- வாசகி, சாத்தூர்

பதில்: கடன் வேண்டாம் என்று அப்பாவிடம் சொல்லுங்கள். என்பிடெல் 2003இல் ஐஐடிகளும் பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனமும் (ஐஐஎஸ்சி) மத்திய அரசு நிதியில் தொடங்கியது. அதில் உங்கள் வீட்டு வரிப்பணமும் இருக்கிறது. உங்களுக்கு இல்லாமல் வேறு யாருக்கு?

பாதியில் நிற்பது உலகம் முழுக்க நடக்கிறது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களான எம்ஐடியும் ஹார்வர்டும் எட்எக்ஸ் என்ற ஆன்லைன் தளத்தில் நடத்திய கோர்ஸ்களில் 2017-18இல் சேர்ந்தவர்களில் முடித்தவர்கள் 3 சதவீதம் சொச்சம்தான் என்று 'சயின்ஸ்' இதழ்க் கட்டுரை ஒன்று சொன்னது.

கல்லூரியில் நான் என்பிடெல் ஒருங்கிணைப்பாளராக இருந்தபோது பார்த்ததைச் சொல்கிறேன். பரீட்சை ஹால் வரை வந்தவர்கள் பெரும்பாலும் கூட்டாகப் படித்தவர்கள். ஹாஸ்டலில் நாலு பெண்கள் ஒரே லேப்டாப் முன் உட்கார்ந்து, வீடியோவை நிறுத்தி நிறுத்தி, "ஏய், இங்க என்ன சொன்னாரு?" என்று கேட்டுக்கொண்டு படிப்பார்கள். ஒருத்திக்குப் புரிந்தால் போதும், மற்ற மூவருக்கும் தமிழில் சொல்லிவிடுவாள். தனியாகப் போனில் பார்த்தவர்கள், நன்றாகப் படிக்கிற பிள்ளைகள்கூட, நடுவில் விட்டார்கள். உங்கள் வகுப்பில் இன்னும் இரண்டு பேரைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆங்கிலத்துக்கும் வழி இருக்கிறது. பல பாடங்களுக்கு, ஆசிரியர் பேசியதன் எழுத்து வடிவம் தமிழிலும் கிடைக்கிறது. முதலில் அதை வாசித்துவிட்டு, வீடியோவின் வேகத்தை 0.75க்குக் குறைத்துக் கேளுங்கள்.

மதிப்பெண்ணில் அசைன்மென்ட்டுக்கு 25, பரீட்சைக்கு 75. 12 வார கோர்ஸில் சிறந்த 8 அசைன்மென்ட்களைத்தான் எடுத்துக்கொள்வார்கள். போட்டது 2, இனி வருவது 8. ஆக 10 கையில் இருக்கிறது!

எனக்கு வருத்தம் தருவது பரீட்சைதான். படிக்கக் காசு கிடையாது. ஆனால் சான்றிதழ் வேண்டுமென்றால் 1000 ரூபாய் கட்டி, மையத்துக்கு நேரில் போய் எழுத வேண்டும். எஸ்சி, எஸ்டி, மாற்றுத்திறனாளி மாணவர்களுக்குப் பாதிக் கட்டணம். அதோடு பஸ் செலவு, பெண்ணைத் தனியே வெளியூர் அனுப்பத் தயங்கும் வீடு. நன்றாகத் தயாராகியும் இங்கேயே நின்றுபோன பிள்ளைகளை நான் அறிவேன். அரசுக் கல்லூரி மாணவிகளின் கட்டணத்தை அரசே கட்ட வேண்டும். இதை இந்தப் பகுதியில் நான் எழுதிக்கொண்டேதான் இருப்பேன்.

இன்னொன்று. இப்படிப்பட்ட கோர்ஸ்களின் கிரெடிட்டை, அதாவது பாடத்தை முடித்தால் கிடைக்கும் புள்ளிகளை, பட்டப்படிப்பில் சேர்த்துக்கொள்ள பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) அனுமதிக்கிறது. கல்லூரியும் ஏற்க வேண்டும். உங்கள் கல்லூரி ஏற்கிறதா என்று துறைத் தலைவரிடம் இந்த வாரமே கேளுங்கள். பரீட்சைக்குப் பதிவு செய்யும் கடைசித் தேதியையும் அப்போதே குறித்துக்கொள்ளுங்கள்.